வீட்டுத் தண்ணீரும் அண்டை வீட்டாரின் உரிமையும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

சற்று முன்னர் ஆண்டு வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டது. கோடை மாதங்களில் பள்ளிவாசலுக்காக வாங்கிய லாரித் தண்ணீருக்கான தொகை வாசிக்கப்பட்டபோது சபையில் ஒரு சலசலப்பு எழுந்ததை நாம் கவனித்தோம். "இவ்வளவா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கேட்டே விட்டார். அந்தக் கேள்வியையே இன்றைய உரைக்குப் பொருளாக எடுத்துக்கொள்ளலாம் எனத் தோன்றுகிறது. பள்ளியின் செலவு ஏட்டில் எழுதப்படுவதால் நம் கண்ணில் படுகிறது. நம் வீடுகளில் ஓடி மறையும் தண்ணீர் எந்த ஏட்டிலும் எழுதப்படுவதில்லை.

சென்னை மாநகரில் வாழும் நமக்குத் தண்ணீர்ப் பஞ்சம் புதிதன்று. 2019-ஆம் ஆண்டு கோடையை யாரும் மறந்திருக்க இயலாது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டு, அடிமண் வெடித்துக் கிடந்தன. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்திற்கு ரயில் மூலம் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. ஒரு ரயிலில் 25 லட்சம் லிட்டர். இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த அந்த நீரைக் குடித்தவர்கள் நாம். நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 2015 டிசம்பரில், இதே நகரம் வெள்ளத்தில் மிதந்தது என்பதையும் உடன் நினைத்துப் பார்க்க வேண்டும். மழை நம்மிடம் வந்தது. அதை வைத்துக்கொள்ள நம்மிடம் இடமில்லாமற் போயிற்று.

அந்தக் கோடையில் நமது மஹல்லாவில் யார் துன்பப்பட்டார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆழ்குழாய்க் கிணறும், சம்ப் எனப்படும் தரைத்தொட்டியும், மாடியில் பெரிய தொட்டியும் உள்ள வீட்டாருக்குச் செலவுதான் கூடிற்று, தண்ணீர் நிற்கவில்லை. பின்சந்துகளில் குடியிருப்போருக்கோ அடிபம்பில் காற்றுதான் வந்தது. லாரி வரும் நேரம் தெரியாமல், ஸுப்ஹுக்கு முன்னரே குடங்களை வரிசையில் வைத்துவிட்டு வாசற்படியில் அமர்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். இடுப்பில் குடம் சுமந்து மூன்றாம் மாடி ஏறிய பெண்ணுக்கு ஒரு லிட்டரின் எடை தெரியும். குழாயைத் திருகினால் நீர் வரும் என்று மட்டுமே அறிந்த ஆண்களாகிய நமக்கு அது தெரிவதில்லை. ஆகவே இன்றைய பேச்சில் பெரும்பகுதி ஆண்களுக்கே உரியது.

இதில் உரிமைப் பிரச்சினை ஒன்றும் இருக்கிறது. "எங்கள் நிலத்தில், எங்கள் பணத்தில், எங்கள் மின்சாரத்தில் இறைக்கிறோம், இதில் யாருக்கு என்ன?" என்று சிலர் எண்ணுகின்றனர். வேலியும் மதிலும் தரைக்கு மேலேதான் உள்ளன. தரைக்கு அடியில் உள்ள நீருக்கு மதில் கிடையாது. ஒரு வீட்டில் சக்தி வாய்ந்த மோட்டார் வைத்து இறைக்கும்போது, அந்தக் கிணற்றைச் சுற்றிலும் நீர்மட்டம் புனலைப் போலத் தாழ்கிறது. அந்தத் தாழ்வில் அகப்பட்ட அண்டை வீட்டு உறைகிணறு முதலில் வற்றுகிறது. அடுத்த வீட்டார் கடன் வாங்கி இன்னும் ஆழமாகத் துளையிடுகின்றனர். பிறகு நாமும் துளையிடுகிறோம். கடலோரத்தில் வாழும் நமக்கு இதிலே இன்னோர் ஆபத்தும் உண்டு. மீஞ்சூர்ப் பகுதியில் பல்லாண்டுகள் அளவுக்கு மீறி நிலத்தடி நீரை உறிஞ்சியதால் கடல்நீர் பல கிலோமீட்டர் தூரம் நிலத்தின் உள்ளே புகுந்துவிட்டது. நன்னீர் இருந்த இடத்தில் ஒருமுறை உப்பு ஏறிவிட்டால் அதை வெளியேற்றுவது எளிதன்று. தேவைக்கு மிஞ்சிய நீரைப் பிறருக்குத் தடுப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விலக்கியிருக்கிறார்கள். மிஞ்சிய நீரைத் தடுப்பதே கூடாது எனில், அண்டை வீட்டாரின் பங்கையும் சேர்த்து இறைத்துச் சாக்கடையில் விடுவதை என்னவென்று சொல்வது?

இனி, வீட்டுக்குள் வருவோம். நீர்ச் சிக்கனம் என்றதும் நம் வீடுகளில் முதலில் கண்டிக்கப்படுவது, டம்ளரில் பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டு மீதியைக் கொட்டும் பிள்ளைதான். கொட்டுவது தவறுதான். எனினும் தண்ணீர் போகும் வழி அதுவன்று. கழிவுநீர்க் குழாய் வசதியுள்ள நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் வேண்டும் என்று நம் நாட்டில் கணக்கிடுகின்றனர். அதில் குடிப்பதற்கு 5 லிட்டர், சமையலுக்கு 5, பாத்திரம் கழுவ 10, வீடு கழுவ 10, துணி துவைக்க 20, கழிப்பறைக்கு 30, குளிப்பதற்கு 55 என்று பிரிக்கப்பட்டுள்ளது. குளியலறையும் கழிப்பறையும் மட்டுமே 85 லிட்டரை எடுத்துக்கொள்கின்றன. சிக்கனத்தை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

குளிப்பதற்கு வாளியும் குவளையும் போதும். ஒரு வாளி 15 முதல் 20 லிட்டர் பிடிக்கும். ஷவரைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் நிற்பவர் 100 லிட்டர்வரை செலவழிக்க இடமுண்டு. ஷவர்தான் வேண்டும் என்போர், சோப்புப் போடும் நேரத்திலாவது அதை மூடி வைக்கலாம்.

கழிப்பறை விஷயம் சபையில் பேசக் கூச்சப்படத்தக்கதன்று. தஹாரத்தைப் பற்றிப் பேசாத ஃபிக்ஹு நூல் உண்டா? பழைய ஃபிளஷ் தொட்டிகள் ஒருமுறை இழுத்தால் 10 லிட்டருக்கு மேல் கொட்டுகின்றன. இப்போது வரும் இரட்டைப் பொத்தான் தொட்டிகளில் சிறிய பொத்தானுக்கு 3 லிட்டர், பெரியதற்கு 6 லிட்டர் என்ற அளவு உண்டு. புதிதாக வீடு கட்டுவோர் அதையே வாங்குக. பழைய தொட்டி வைத்திருப்போர் ஒரு லிட்டர் பாட்டிலில் மணல் நிரப்பி, மூடியை இறுக்கி, உள்ளே ஓர் ஓரமாக வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர் மிச்சம். ஆனால் அதனால் வேகம் குறைந்து இருமுறை இழுக்க நேரிட்டால் பாட்டிலை எடுத்துவிடுவதே நல்லது. அந்தத் தொட்டியில் கசிவு இருக்கிறதா என்பதை அறியவும் ஓர் எளிய வழி உண்டு. கேசரிப்பவுடர் ஒரு சிட்டிகை எடுத்துத் தொட்டி நீரில் கலந்துவிட்டு அரைமணி நேரம் ஃபிளஷை இழுக்காமல் இருங்கள். கீழே பீங்கானில் நிறம் தெரிந்தால், இரவும் பகலும் ஓசையின்றி நீர் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சொட்டும் குழாயும் அவ்வாறே. விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டுகள். சொட்டு பெரிதாக இருந்தால் ஒரு குடத்தை நெருங்கும். நம்பாதவர்கள் இன்றிரவு இஷாவுக்குப் பின் ஒரு பாத்திரத்தை அதன் கீழ் வைத்துவிட்டு, ஸுப்ஹு நேரத்தில் எடுத்துப் பார்க்கட்டும்.

இப்போது நாம் அனைவரும் நாள்தோறும் ஐவேளை செய்யும் காரியத்திற்கு வருவோம். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத் அளவு நீரில் ஒளுச் செய்தார்கள் என்பதும், ஒரு ஸாவு முதல் ஐந்து முத் வரையிலான நீரில் குளித்தார்கள் என்பதும் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஸஹீஹ் நூல்களிலும் பதிவாகியுள்ள செய்தி. முத் என்பது நடுத்தர மனிதர் இரு கைகளையும் சேர்த்து ஏந்தும் அளவு. நான்கு முத் சேர்ந்தது ஒரு ஸாவு. நாம் ஃபித்ரா அளக்கும் அதே ஸாவுதான். மத்ஹபுகளுக்கிடையே அளவில் வேறுபாடு உண்டு. ஆயினும் ஒரு முத் என்பதை முக்கால் லிட்டர் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். நாம் பயணத்தில் கையில் எடுத்துச் செல்லும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைவிடக் குறைவு!

நமது பள்ளியின் குழாய்களுள் ஒன்றின் கீழே, சென்ற மாதம் நம் வேண்டுகோளின்படி இளைஞர்கள் இருவர் 15 லிட்டர் வாளி ஒன்றை வைத்துப் பார்த்தனர். வழக்கம்போல் ஒளுச் செய்யுங்கள் என்று வந்தவர்களிடம் கூறினர். இரண்டாம் நபர் காலைக் கழுவத் தொடங்கும் முன்னரே வாளி நிரம்பி வழிந்தது. அவ்விருவரில் எவரும் வீணடிக்க வேண்டும் என்று நினைத்தவரல்லர். முகத்தைத் தேய்க்கும்போதும், தலைக்கு மஸ்ஹு செய்யும்போதும், சட்டைக் கையை மடிக்கும்போதும், அருகில் நிற்பவரிடம் நலம் விசாரிக்கும்போதும் குழாய் திறந்தே இருந்தது, அவ்வளவுதான். ஒளுவுக்குச் செலவான நீரைவிட, உரையாடலுக்குச் செலவான நீர் அதிகம்.

உறுப்புகளை மும்முறை கழுவுவது ஸுன்னத். அதற்கு மேல் போவது வெறுக்கத்தக்கது என்பதை மக்தபில் ஓதிய பிள்ளைகளும் அறிவர். ஆனால் ஒளுச் செய்வோருக்கென வக்ஃபு செய்யப்பட்ட நீரில் மும்முறைக்கு மேல் கழுவுவது ஹராம் என்று ஃபுகஹாக்கள் எழுதியிருப்பதைப் பலர் அறிந்திருக்கவில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் நம் மத்ரஸாக்களில் ஓதப்படும், பொன்னானி ஜைனுத்தீன் மக்தூம் அவர்களின் ஃபத்ஹுல் முஈனில் இது உண்டு. ஹனஃபி மத்ஹபின் துர்ருல் முக்தாரிலும் உண்டு. காரணம் தெளிவானது: வீட்டில் நாம் வீணடிப்பது நம் பொருளை, வக்ஃபு நீரில் வீணடிப்பது பிறர் பொருளை. ஜமாஅத்தின் பொதுப்பணத்தில் லாரியில் வாங்கி ஒளுவுக்கென நிரப்பி வைத்த நீரையும் இவ்வகையிலேயே சேர்க்க வேண்டும் என்பது நமது கருத்து. பின்வரிசைப் பெரியவர் கேட்ட கேள்விக்கு விடையின் ஒரு பகுதி இங்கே இருக்கிறது.

சிலருக்கு வஸ்வாஸ் எனும் மனஊசலாட்டம் உண்டு. முழங்கை நனைந்ததா இல்லையா, எண்ணியது இரண்டா மூன்றா என்று மீண்டும் மீண்டும் கழுவுகின்றனர். அவர்களை நாம் ஏளனம் செய்யலாகாது. அது ஒரு துன்பம். கழுவி முடித்த பின் எழும் சந்தேகத்தைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்பதே சட்டம். அவர்களுக்கு நாம் கூறும் வழி, குழாயை விட்டுவிட்டு ஒரு செம்பில் நீர் எடுத்துக்கொண்டு அமர்வதாகும். செம்பு காலியானால் ஒளுவும் முடிந்தது. வீட்டில் எல்லோருமே இதைச் செய்யலாம். பழைய பள்ளிகளில் ஹவுளின் கரையில் அமர்ந்து கையால் அள்ளி ஒளுச் செய்த தலைமுறைக்கு இந்தச் சிக்கல் எழவில்லை. கையில் எடுத்தது போக மீதி ஹவுளிலேயே இருந்தது. குழாய் வந்த பிறகுதான் எடுக்காத நீரும் செலவாகத் தொடங்கிற்று.

குழாயின் வாயில் பொருத்தும் சிறு சல்லடை மூடிகள் கடைகளில் விற்கப்படுகின்றன. அவை நீருடன் காற்றைக் கலந்து நுரைத்தாற்போல் விழச் செய்கின்றன. செலவு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறையும். உப்புத் தண்ணீரில் சல்லடை அடைத்துக்கொள்ளும் என்பதால் மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும்.

சமையலறைத் தண்ணீரைப் பற்றித் தாய்மார்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அரிசி கழுவிய நீர் செடிக்குப் போக வேண்டும் என்பதை நம் பாட்டிமார் காலத்திலிருந்தே அவர்கள் அறிவர். ஆனால் அண்மைக் காலத்தில் வீடுதோறும் வந்துவிட்ட ஆர்.ஓ. இயந்திரத்தைப் பற்றி ஒரு சொல். ஒரு லிட்டர் குடிநீரைத் தருவதற்கு அது ஏறத்தாழ மூன்று லிட்டரை மெல்லிய குழாய் வழியே வெளியேற்றுகிறது. அந்தக் குழாய் பல வீடுகளில் தொட்டிமுற்றத்தில் விழுந்து போகிறது. அதை ஒரு குடத்தில் பிடித்து, தரை துடைக்கவும் கழிப்பறைக்கு ஊற்றவும் பாத்திரங்களை முதல் கழுவல் கழுவவும் பயன்படுத்தலாம். உப்பு மிகுந்த நீராதலால் செடிகளுக்கு நாள்தோறும் ஊற்ற வேண்டாம். ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் நீர் இதற்கு நேர்மாறானது. அதில் உப்பு இல்லை, செடிக்கு ஏற்றது. புழுக்கம் மிகுந்த நமது ஊரில் இரவு முழுதும் ஓடும் இயந்திரத்தின் கீழ் வாளி வைத்தால் காலையில் வீண்போகாது. துவைக்கும் இயந்திரத்தின் கடைசி அலசல் நீரும் இவ்வாறே குளியலறைத் தரைக்கு ஆகும். வண்டியைக் குழாய் போட்டுக் கழுவுவதை விட்டு, ஈரத்துணியால் துடையுங்கள்.

நம் மஹல்லாவின் தெருக்களில் நடந்து வருகையில் நம்மை மிகவும் வருத்தும் காட்சி ஒன்று உண்டு. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோவார்கள். மாடித்தொட்டி நிரம்பி, வழிகுழாயிலிருந்து நீர் அருவியாகத் தெருவில் கொட்டும். கீழே பிள்ளைகள் விளையாடுவார்கள். போவோர் வருவோர் லுங்கியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கிப் போவார்கள். கதவைத் தட்டி "பாய், டேங்க் வழியுது" என்று சொல்ல ஒருவருக்கும் மனம் வருவதில்லை. சொன்னால் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம். தயங்க வேண்டாம், தட்டிச் சொல்லுங்கள். வீட்டுக்காரரும் அதை நன்மையாக எடுத்துக்கொள்ளட்டும். தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்திவிடும் கருவியை மின்பணியாளர் ஒருவர் ஓரிரு மணி நேரத்தில் பொருத்தித் தருவார். வழிந்தோடிய நீருக்கும், அதை இறைக்கச் செலவான மின்சாரத்திற்கும் கணக்குப் பார்த்தால் அந்தச் செலவு பெரிதாகத் தோன்றாது.

மழைநீரைப் பற்றிக் கூறி முடித்துக்கொள்வோம். 2003-ஆம் ஆண்டு தமிழக அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து, கட்டடங்கள் அனைத்திலும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கிற்று. அப்போது அதிகாரிகளுக்கு அஞ்சி எல்லோரும் குழாய் அமைத்தோம். அந்தக் குழாய் இன்றும் சுவரில் இருக்கிறது. அதன் கீழ்முனை எங்கே போகிறது என்று வீட்டாரைக் கேட்டால் பலருக்குத் தெரியவில்லை. சில வீடுகளில் சல்லியும் மணலும் போட்ட குழி மண் மூடி இறுகிவிட்டது. சில வீடுகளில் தரைக்குச் சிமெண்டு போட்டபோது குழியே மறைந்துபோயிற்று. வேறு சில வீடுகளில் குழாய் நேராகத் தெருவில் விடப்பட்டிருக்கிறது.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். 600 சதுர அடி மொட்டைமாடி என்பது ஏறத்தாழ 55 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஆக, அந்தச் சிறிய மாடியில் ஓராண்டில் விழுவது 77,000 லிட்டர். காற்றில் காய்ந்ததும் சிதறியதும் என்று கால்பங்கைக் கழித்தாலும் 57,000 லிட்டருக்கு மேல் தேறும். 12,000 லிட்டர் பிடிக்கும் லாரிகளில் கணக்கிட்டால் ஏறத்தாழ ஐந்து லாரி! இதை நம் வீட்டுக் கிணற்றருகே நிலத்துக்குள் இறக்கினால் அது நமக்கு மட்டும் ஊறாது. பின்சந்து வீட்டாரின் அடிபம்புக்கும் ஊறும். நாம் இறைக்கும்போது எந்த மண் வழியாக அவர்களின் நீர் நம்மிடம் வந்ததோ, அதே மண் வழியாகத் திரும்பிச் செல்லும்.

ஊர்ப்புறங்களில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டித் தர நம்மிடையே தனவந்தர்கள் போட்டியிட்டு முன்வருகின்றனர்; அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. தம் பெயர் பொறித்த கல் நடப்படும் அந்தக் கிணற்றுக்குக் கிடைக்கும் ஆர்வம், மண் மூடிய ஒரு சேகரிப்புக் குழியைத் தூர்வாருவதற்குக் கிடைப்பதில்லை. ஆனால் கிணறு இருக்கும் நீரை எடுக்கிறது; குழி இல்லாத நீரைச் சேர்க்கிறது. ஸதக்கத்துல் ஜாரியாவாக எதைச் செய்யலாம் என்று நம்மிடம் கேட்போருக்கு இவ்வாண்டு முதல் இரண்டாவதையும் சேர்த்தே கூறுவோம்.

பழைய வீடுகளில் பயன்படுத்தாமல் பலகை போட்டு மூடிய கிணறு இருந்தால் அதைக் குப்பையால் நிரப்பி மூடிவிடாதீர்கள். மாடிக் குழாயை வடிகட்டும் தொட்டி வழியே அந்தக் கிணற்றில் இறக்குவதே எல்லாவற்றிலும் செலவு குறைந்த முறை. செப்டம்பர் மாதத்திலேயே மாடியைப் பெருக்கிக் கழுவி, பழைய தட்டுமுட்டுச் சாமான்களை அகற்றி, தொட்டியின் மணலையும் சல்லியையும் எடுத்து அலசிக் காயவைத்து மீண்டும் இட வேண்டும். முதல் மழையில் தூசியும் காக்கை எச்சமும் கலந்து வரும். அதை வெளியே விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து சேகரிக்க வேண்டும்.

நமது பள்ளியிலும் இவ்வாண்டு நிர்வாகக் குழுவினர் இரு பணிகளை ஏற்றுள்ளனர். முதலாவது, ஒளுச் செய்த நீரைச் சாக்கடையில் விடாமல் தனிக் குழாயில் தென்னை மரங்களுக்குத் திருப்புவது. அது சுத்தமான நீரே. அதைக் கொண்டு மீண்டும் ஒளுச் செய்ய முடியாதே தவிர, மரத்திற்கு ஊற்றத் தடையில்லை. சோப்பும் அதில் இல்லை. இரண்டாவது, பள்ளியின் மாடியில் விழும் மழைநீரை வடபுறக் கிணற்றில் இறக்குவது. இப்பணிக்காகக் கொத்தனாரும் குழாய்ப் பணியாளரும் செப்டம்பரில் ஒரு வாரம் பள்ளியில் இருப்பார்கள். அந்த வாரத்தில் தம் வீட்டுச் சேகரிப்புக் குழியையும் பார்த்துத்தர வேண்டும் என்போர் ஜமாஅத் அலுவலகத்தில் வீட்டு எண்ணைப் பதிந்துகொள்ளலாம். கூலி கொடுக்க இயலாதவர்கள் செயலாளரிடம் தனியே சொன்னால் போதும். அது எந்த ஏட்டிலும் பெயருடன் எழுதப்படமாட்டாது. வாடகை வீட்டில் இருப்போர் வீட்டு உரிமையாளரின் ஒப்புதலை வாங்கி வரட்டும். உரிமையாளர் இசையவில்லை என்றால், அவரிடம் பேச நாமும் உடன் வருகிறோம்.